அறுபது பிஸ்கட், முப்பத்தொன்பது குண்டூசி

அந்தத் தெருவில் தையல்காரி என்றால் அவள் ஒருத்திதான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேஜை. துணி வெட்டுவதும் அந்த மேஜையில்தான், பிஸ்கட்டுக்கு மாவு தேய்ப்பதும் அதே மேஜையில்தான். சமையலறைத் திண்டில் இரண்டு தட்டு வைத்தால் மூன்றாவதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரே மேஜையில் இரண்டு வேலை என்பதால் அவளுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மாவில் கை வைப்பதற்கு முன் குண்டூசிகளை எண்ணி டப்பாவில் போட்டு மூடுவாள். மொத்தம் நாற்பது. ஒரு முறை துணியில் விட்டுப்போன ஊசி வாடிக்கையாளர் ஒருவரின் கழுத்தில் குத்திவிட்டது. அன்றிலிருந்து எண்ணாமல் மூடுவதில்லை. பிறகு மேஜையை ஈரத்துணியால் துடைத்து, தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல்தான் மாவு.

அன்றைக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது.

காரணம் அவள் தங்கை. தங்கை ஒரு மழலையர் பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மாதக் கடைசியில்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரியும். அதற்குள் பெற்றோர்கள் வந்து பார்க்கும் நாள் வந்துவிட்டது. "எங்கக்கா பண்ற வெண்ணெய் பிஸ்கட் வாயில போட்டா கரைஞ்சிடும் மேடம்" என்று பெரிய மிஸ்ஸிடம் வாயைக் கொடுத்துவிட்டு வந்தவள், முந்தைய நாள் இரவே போன் பண்ணி, "அக்கா, அறுபது. என் மானம் உன் கையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

மானம் என்று சொன்னாலே தையல்காரிக்கு நிதானம் போய்விடும். காலையில் முதல் ஈட்டு மாவைப் பிசைந்துவிட்டாள். அந்த மாவைப் பிசையவே கூடாது. குளிர்ந்த வெண்ணெயை மைதாவோடும் பொடித்த சர்க்கரையோடும் விரல்நுனியால் உதிர்த்து உதிர்த்து, மணல் மாதிரி ஆனதும் ஒரு பிடி பிடித்துச் சேர்த்தால் போதும். பதற்றத்தில் அழுத்தி உருட்டினாள். வெந்து வந்த பிஸ்கட்டைக் கடித்துப் பார்த்தால் ஓடு மாதிரி இருந்தது.

"இதுவும் நல்லாத்தானே இருக்கு" என்றார் கணவர், ஒன்றை மென்றுகொண்டே. அவர் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிரேன் ஓட்டுபவர். எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார். அந்தப் பாராட்டை அவள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

"மூணு வயசுப் பிள்ளைங்களுக்குப் பல்லு உடைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, புது வெண்ணெயை எடுத்தாள். இந்த முறை பொறுமையாக உதிர்த்தாள். மாவு சேர்ந்ததும் மூடி பிரிட்ஜில் வைத்தாள். அரை மணி நேரம் குளிர வேண்டும்.

அந்த அரை மணியில்தான் ஹோட்டலில் பரிமாறும் வேலை செய்பவர் வந்து நின்றார். மதியம் வேலைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய கோட்டு; கை நீளம் குறைக்க வேண்டும். "நாளைக்கு வாங்க" என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. விரிப்பு போட்ட மேஜையில் ஊசி டப்பாவைத் திறந்தாள். வேலை செய்யும்போது நான்கைந்து குண்டூசிகளைத் தன் சட்டையின் நெஞ்சுப்பக்கம் குத்திக்கொள்வது அவள் வழக்கம். மடித்தாள், குத்தினாள், தைத்தாள், கொடுத்தனுப்பினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். சட்டையில் இருந்த ஊசிகளை உருவி டப்பாவில் போட்டு, எண்ணாமல் மூடி, மாவை எடுத்தாள்.

இந்த முறை மாவு சொன்னபடி கேட்டது. அரை விரல் தடிமனுக்குத் தேய்த்து, வட்டமாக வெட்டி, முள்கரண்டியால் மேலே மூன்று குத்து குத்தி, ஓவனில் வைத்தாள். ஓரம் லேசாகச் சிவக்கும்போதே எடுத்து, தட்டிலேயே ஆறவிட்டாள். சூட்டில் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் அளவுக்கு மென்மை. அறுபத்தேழு வந்தது. அறுபதை இரண்டு பெரிய டப்பாக்களில் பேப்பர் விரித்து அடுக்கினாள். உடைந்த ஏழு வீட்டில் தங்கியது. ஒன்றேகால் மணிக்குக் கணவர் வேலைக்குப் போகும் வழியில் டப்பாக்களைப் பள்ளியில் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு அடுத்த துணியை எடுக்க டப்பாவைத் திறந்தாள். கை தன்பாட்டுக்கு எண்ணியது.

முப்பத்தொன்பது.

மறுபடி எண்ணினாள். மேஜையில் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்தாள். கடைசி வரிசையில் ஒன்பது.

சட்டையைத் தடவிப் பார்த்தாள். கழற்றி உதறினாள். தரையில் விழுந்ததைப் பொறுக்க ஒரு காந்தம் வைத்திருந்தாள். அதை மேஜைக்கு அடியில், தையல் மிஷினின் மிதிப்பலகைக்கு அடியில், ஜன்னல் ஓரத்தில் எல்லாம் தேய்த்தாள். உடைந்த ஊசிமுனை ஒன்றும் துருப்பிடித்த கொக்கி ஒன்றும் வந்தன. கோட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "நல்லா பாத்துட்டேம்மா, கையில ஊசி எதுவும் இல்ல. ஏன்?" என்றார் அவர். "ஒண்ணுமில்லைங்க" என்று வைத்துவிட்டாள்.

வீட்டில் இருந்த ஏழு பிஸ்கட்டையும் பொடிப் பொடியாக நொறுக்கினாள். ஒன்றும் இல்லை. குப்பையில் கிடந்த மாவுத் துணுக்குகளைப் பிசைந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

மாவு தேய்க்கும்போது மேஜைமேல் எப்படிக் குனிந்து நின்றோம் என்று நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு மாவின்மேல் படுகிற மாதிரி.

தங்கைக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வகுப்பில் இருக்கும்போது போனை அலமாரியில் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. பள்ளி நம்பருக்குப் போட்டாள். யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். கணவருக்குப் போட்டாள். அவர் பத்து மாடி உயரத்தில், கிரேனின் கூண்டுக்குள். கீழே இறங்கும்வரை அவரும் எடுக்க மாட்டார்.

மணி இரண்டு இருபத்தைந்து. மூன்றரைக்குக் குழந்தைகளுக்குப் பிஸ்கட்.

செருப்பை மாட்டியதும் தெரியவில்லை, கதவைப் பூட்டியதும் தெரியவில்லை. காந்தம் மட்டும் கையில் இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் நிதானமாக ஏறினார்கள், நிதானமாக இறங்கினார்கள். ஒருவர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு டிரைவரிடம் வழி கேட்டார். அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் எதுவோ குத்துவது போலத் தோன்றியது. ஒருவேளை ஊசி பாத்திரம் கழுவும் தொட்டியின் துளைக்குள் போயிருக்கலாம். ஒருவேளை காலையிலேயே முப்பத்தொன்பதுதான் இருந்ததோ? இல்லை. காலையில் எண்ணினாள். நாற்பது. நன்றாக ஞாபகம் இருந்தது, அதுதான் பிரச்சினை.

மூன்று மணி தாண்டிப் பள்ளிக்குள் நுழைந்தாள். சுவர் முழுக்க வண்ணக் காகிதம். சாப்பாட்டு அறையில் முழங்கால் உயர மேஜைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தட்டு, தட்டு நிறைய அவளுடைய பிஸ்கட். குழந்தைகள் யாரும் இன்னும் வரவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா! நீயே வந்துட்டியா?" தங்கை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "பெரிய மிஸ் ஒண்ணு சாப்பிட்டுட்டு, 'இதுல என்ன போட்டாங்க உங்கக்கா'ன்னு கேட்டாங்க தெரியுமா? இப்படி ஒரு..." அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னக்கா? மாமாவுக்கு ஏதாவது...?"

"மாமா நல்லாயிருக்கார். இங்க வா." கைகழுவும் தொட்டிகள் இருந்த ஓரத்துக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள். ஒரு ஊசி குறைகிறது. பிஸ்கட்டில் இருக்கலாம்.

தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. "இருக்கலாம்னா? இருக்கா, இல்லையா?"

"தெரியல."

"வீட்டுல எங்கயாவது விழுந்திருக்கும்க்கா. நீ எப்பவும் இப்படித்தான், ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டுவ."

"இருந்துட்டா?"

தங்கை தட்டுகளைப் பார்த்தாள். அறைக்கு வெளியே நாற்காலிகள் இழுக்கும் சத்தமும், வந்து சேர்ந்த பெற்றோர்களின் பேச்சும் கேட்டன. குரலைத் தாழ்த்தினாள். "சரி, இரு. நான் தட்டை எல்லாம் ஒரே டிரேல அடுக்கி எடுத்துட்டுப் போற மாதிரி போய்த் தடுக்கி விழுந்துடறேன். எல்லாம் தரையில கொட்டிடும். கூட்டி அள்ளிக் குப்பையில போட்டுடலாம். வாழைப்பழம் இருக்கு, அதைக் கொடுத்துடலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

தையல்காரிக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பொய்தான். ஆனால் ஒரு குழந்தைக்கும் ஆபத்தில்லாத பொய். தலையை ஆட்டப் போனவள், எதற்கும் கேட்டு வைப்போம் என்று கேட்டாள்:

"குழந்தைங்க யாரும் இதுவரைக்கும் சாப்பிடலையே?"

தங்கை ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"ஏய். கேக்கறேன்ல?"

"பட்டாணி மட்டும்" என்றாள் தங்கை. "தூங்க மாட்டேன்னு ஒரே அழுகை. சமாதானம் பண்ண ஒண்ணு கொடுத்தேன். ஒண்ணே ஒண்ணுதான்க்கா."

"மென்னு சாப்பிட்டாளா?"

"எங்க மென்னா? அப்படியே வாயில திணிச்சிட்டா. அதான் கரைஞ்சு போயிடுதே."

ஜன்னல் வழியாகத் தோட்டம் தெரிந்தது. பட்டாணி என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் குழந்தை உருண்டையாக, மணல்தொட்டியில் உட்கார்ந்து ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. இருமவில்லை.

"நல்லாத்தானே விளையாடறா" என்றாள் தங்கை. அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கெஞ்சிக் கேக்கறேன். இன்னிக்கு மட்டும் வேண்டாம். இத்தனை பேர் முன்னாடி வேண்டாம். நான் அவளைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன். ஏதாவது ஆச்சுன்னா..."

"ஏதாவது ஆனப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்கு இவ்வளவு தூரம் ஓடி வரணும்?"

அவள் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துத்தான் சாலையைக் கடக்க வைப்பாள். இப்போது அந்த விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

பெரிய மிஸ் ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தையல்காரி அவர் அறையில் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். அவர் கத்தவில்லை. மூன்று கேள்வி கேட்டார். எத்தனை முறை எண்ணினீர்கள்? காலையில் எண்ணியது நிச்சயமா? எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? கடைசிக் கேள்விக்குத் தங்கைதான் பதில் சொன்னாள். "பட்டாணி. ஒண்ணு. நீங்களும் ஒண்ணு மேடம்."

"நான் மென்னுதான் சாப்பிட்டேன்" என்றார் பெரிய மிஸ். எழுந்து போய்ச் சாப்பாட்டு அறையைப் பூட்டினார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பட்டாணியின் அம்மா கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நல்ல உடை உடுத்தி, மகள் வரைந்த படத்தைப் பார்க்க அப்போதுதான் வந்திருந்தாள். தாழ்வாரத்தில் வைத்து அவளிடம் சொன்னார்கள். அவள் முதலில் சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று நினைத்து. பிறகு தோட்டத்துக்கு ஓடினாள். மகளின் வாயைத் திறந்து பார்த்தாள். "வலிக்குதாடா? எங்கயாவது வலிக்குதா?" பட்டாணி யோசித்துவிட்டு முழங்காலைக் காட்டினாள். அது நேற்று விழுந்த இடம்.

ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் போனார்கள். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. தையல்காரி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவசரப் பிரிவில் நீல நாற்காலிகள். டாக்டர் குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "பார்க்க நல்லாத்தான் இருக்கா. எதுக்கும் எக்ஸ்ரே எடுத்துடலாம். ரெண்டு பேருக்கு அப்புறம் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீங்க" என்றார்.

காத்திருந்தார்கள். எதிரே கதவு திறக்கும்போதெல்லாம் தையல்காரி எழுந்து நின்றாள். பட்டாணியின் அம்மாவுக்கே பாவமாக இருந்தது போல. "உக்காருங்க" என்றாள். "ஊசி வீட்டுலயே எங்கயாவது கிடக்கும். எங்க வீட்டுல ஒரு தோடு மூணு மாசம் கழிச்சுச் செருப்புக்குள்ள கிடைச்சுது. நீங்க இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே, அதுவே பெரிய விஷயம்."

தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. பட்டாணி அவள் மடியில் கை வைத்து, "ஆன்ட்டி, இன்னொரு பிஸ்கட் இருக்கா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் போன் வந்தது. தங்கை.

பள்ளியில் பெரிய மிஸ்ஸும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு, மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பிஸ்கட்டாக உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா விட்டுவிட்டுப் போன காந்தம் பக்கத்தில் இருந்தது. நாற்பத்தோராவது பிஸ்கட்டை உடைத்தது தங்கை.

"அக்கா..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "இருக்குக்கா. நடுவுல, படுத்த மாதிரி இருக்கு. மேல பாத்தா ஒண்ணுமே தெரியல. முள்கரண்டி குத்தினதுக்கு நடுவுல..."

தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஊசி கிடைத்துவிட்டது. குழந்தையின் வயிற்றில் இல்லை. "கிடைச்சிடுச்சு!" என்று திரும்பிச் சொன்னாள். "இன்னொரு பிஸ்கட்டுல இருந்துச்சாம். பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல!"

பட்டாணியின் அம்மாவும் சந்தோஷப்படுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடி இறுகியது. மெல்லக் கை நீட்டி, தையல்காரியின் பக்கத்தில் நின்ற மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ நிஜமாவே இருந்துச்சு" என்றாள்.

"ஆமா. ஆனா ஒண்ணுதான் குறைஞ்சுது. அது கிடைச்சாச்சு."

"ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றீங்க? எண்ணாம மூடினதா நீங்கதானே சொன்னீங்க?"

"காலையில எண்ணினேன். நாற்பது..."

"எனக்கு எக்ஸ்ரே வேணும்" என்றாள் அவள்.

தையல்காரி நகர்ந்து, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். இல்லாத ஊசிக்காகத் தன்னைத் தேற்றியவள், இருந்த ஊசிக்காகத் தன்னை மன்னிக்க மாட்டாள் என்பது புரிந்தது. அதில் தப்பு எதுவும் இருப்பதாகவும் தோன்றவில்லை. தன் மகளாக இருந்தால் தானும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருப்பாள். ஊசி இன்னொன்று இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், எக்ஸ்ரே அறையின் கதவு மூடியபோது மனசுக்குள் மறுபடி எண்ணத் தொடங்கினாள். நாற்பது என்று எண்ணியது சரிதானா? விரல் ஒன்றைத் தாண்டியிருந்தால்?

கால்மணி நேரம் கழித்து டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். சின்ன விலா எலும்புகள், சின்ன முதுகெலும்பு. வேறு எதுவும் இல்லை. "சுத்தமா இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

பட்டாணியின் அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். தோளுக்கு மேலிருந்து பட்டாணிதான் கையாட்டினாள்.

பள்ளியில் இனி வீட்டுப் பலகாரம் எதுவும் கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது. தங்கையின் வேலை போகவில்லை. நிரந்தரம் ஆகவும் இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கிறோம் என்றார்களாம். இதைக் கணவர் வழியாகத்தான் தையல்காரி கேள்விப்பட்டாள். தங்கை போன் எடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று பத்து நாள் ஓடியது. கோபம் இருக்காதா என்று தையல்காரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மானத்தை நம்பிக் கொடுத்தாள், அதில் ஊசியை வைத்துத் திருப்பிக் கொடுத்தோம்.

"அவ வந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போனாலாவது எனக்குச் சோறு இறங்கும்" என்றாள் கணவரிடம்.

"வருவா" என்றார் அவர்.

பதினோராம் நாள் சாயங்காலம் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் மேஜை ஓரத்தில் நின்றாள். அதன்மேல் பாதி தைத்த பாவாடை ஒன்று கிடந்தது.

"திட்டணும்னா திட்டிடு" என்றாள் தையல்காரி.

"உன்னை எதுக்குத் திட்டணும்?" என்றாள் தங்கை. "நான் ஏன் வரலன்னு உனக்கு நிஜமாவே தெரியலையா? தட்டைக் கொட்டி, கூட்டிக் குப்பையில போட்டுடலாம்னு சொன்னேன்ல. அது நடந்திருந்தா ஊசி எங்க போச்சுன்னே தெரிஞ்சிருக்காது. பட்டாணி வயித்துல இருக்கா இல்லையான்னு தெரியாம நான் அவளைச் சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். தினமும் காலையில 'மிஸ்'னு வந்து கட்டிக்கிறாக்கா. அவ முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியல."

தையல்காரிக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை நாளும் தன் தப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த அறையில் இன்னொருத்தியும் நின்றாள் என்பதே மறந்துபோயிருந்தது.

"நானும்தான் தலையாட்டப் போனேன்" என்றாள் மெதுவாக. "ஒரு நிமிஷம் தாமதிச்சுக் கேட்டிருந்தா ஆட்டியிருப்பேன்."

தங்கை அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜமா."

தங்கை பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமாகிட்ட சொல்லாத" என்றாள்.

"சொல்ல மாட்டேன். டீ போடட்டா?"

"போடு. கூட எதுவும் வேண்டாம். வெறும் டீ போதும்."